முதிய நாய்க்குக் குஷிங் நோய்: சிகிச்சை அளிப்பதா, வேண்டாமா?

எங்கள் கால்நடை மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்கு முதிய நாய்களை அழைத்து வருவோரிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த வயசுக்கு மேல வைத்தியம் பண்றது நியாயமா, டாக்டர்?" கேட்பவர் கண் கலங்கியிருப்பார், அல்லது, பல நாள் உறக்கமின்மையால் எரிச்சலோடு இருப்பார். இரண்டும் ஒரே அன்பிலிருந்து வருபவை என்பதை நாங்கள் அறிவோம். இந்த இதழில், அக்கேள்வி மிகவும் கடினமாக எழும் ஒரு நோயைப் பற்றிப் பேசுகிறோம். அது முதிய நாய்களுக்கு வரும் ஹார்மோன் கோளாறான குஷிங் நோய்.

கட்டுரையில் வரும் இரு வீடுகளின் செய்திகள், எங்களிடம் வந்த பல குடும்பங்களின் அனுபவங்களைத் தொகுத்து, அடையாளங்களை மாற்றி எழுதப்பட்டவை.

மணியின் வீடு

மணி ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ் நாய். வீட்டார் அதனைப் பொமேரேனியன் என்றே சொல்வர். வயது 12, எடை 11 கிலோ. பணி ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதியர் இருவருக்கும் வீட்டில் துணை அது ஒன்றே. ஓராண்டுக் காலமாக மணி நிறையத் தண்ணீர் குடித்தது. குட்டிப் பருவத்துக்குப் பின் ஒருநாளும் வீட்டுக்குள் அசுத்தம் செய்யாத நாய், இரவில் இருமுறை மும்முறை கூடத்திலேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. காலையில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், கூப்பிட்டாலும் வராது.

வீட்டு அம்மையார் ஒவ்வொரு முறையும் எழுந்து துடைத்தார். ஓர் இரவு அந்த ஈரத்திலேயே கால் வழுக்கி விழுந்தார். இடக்கையில் எலும்பு முறிந்தது. வெளியூரிலிருந்த மகன் தொலைபேசியில், "அம்மாவா நாயா என்று முடிவு செய்யுங்கள்" என்று கூறிவிட்டார். மணியை அழைத்துக்கொண்டு எங்களிடம் வந்த ஆசிரியர், சிகிச்சை கேட்டு வரவில்லை. ஊசி போட்டு அதன் வாழ்வை முடித்துவிடலாமா என்று கேட்கவே வந்தார். கேட்கும்போது அவருடைய கை மணியின் தலைமீதே இருந்தது.

நாங்கள் அவரிடம் முதலில் கேட்டது ஒன்றுதான்: மணி ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது? அவருக்குத் தெரியவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவதாகவும், அதன் பிறகு மணி குளியலறை வாளியில் வாய் வைத்துக் குடிப்பதாகவும் சொன்னார். அப்போதே எங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது.

இது என்ன நோய்?

சிறுநீரகங்களை ஒட்டி இரு சிறிய அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் ஹார்மோன்களுள் ஒன்று கார்ட்டிசோல். உடல் நெருக்கடியைத் தாங்கவும், உணவிலிருந்து ஆற்றலைப் பெறவும் அது வேண்டும். அளவோடு சுரக்கும்வரை நன்மை. அளவு மீறி, மாதக்கணக்கில், ஓய்வின்றிச் சுரந்தால் அதே ஹார்மோன் உடலைக் கரைக்கத் தொடங்குகிறது. தசை மெலிகிறது, தோல் தாள்போல் ஆகிறது, நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைகிறது. மனிதர்களில் இந்நிலையை விரிவாக ஆராய்ந்து 1932-இல் வெளியிட்ட அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயரே நோய்க்கும் நிலைத்தது. மனிதர்களைவிட நாய்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

காரணங்கள் மூன்று. நோயுற்ற நாய்களில் ஏறத்தாழ 80 முதல் 85 விழுக்காட்டினவற்றுக்கு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் சிறு கட்டி காரணமாகிறது. 'சுர, சுர' என்று அட்ரினலுக்கு இடைவிடாது ஆணையிடுவது அக்கட்டி. எஞ்சியவற்றில் அட்ரினல் சுரப்பியிலேயே கட்டி தோன்றுகிறது. அவற்றுள் ஏறக்குறையப் பாதி புற்றுநோய்த் தன்மை உடையவை.

மூன்றாவது காரணம் நம் கையால் நேர்வது. தோல் அரிப்புக்காகவோ வேறு நோய்க்காகவோ நீண்ட காலம் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி, களிம்பு ஆகியவை இதே அறிகுறிகளை உண்டாக்கும். ஆகவே, உங்கள் நாய்க்கு இதுவரை கொடுத்த மருந்துகள் அனைத்தையும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தடவிய களிம்பு உட்பட, மறவாமல் எங்களிடம் கூறுங்கள். ஸ்டீராய்டு காரணம் என்று தெரிந்தாலும் அதனை நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது. நெடுநாள் வெளியிலிருந்து ஹார்மோன் பெற்றுப் பழகிய உடல் தானாகச் சுரக்க மறந்திருக்கும். திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகக் குறைப்பதே முறை.

'வயதாகிவிட்டது' என்று கடந்துவிடும் அறிகுறிகள்

இந்நோய் நடுவயதைத் தாண்டிய நாய்களுக்கே பெரும்பாலும் வருவதால், அதன் அறிகுறிகள் முதுமையின் போர்வைக்குள் ஒளிந்துகொள்கின்றன. மிகுந்த தாகம், மிகுதியாகச் சிறுநீர் கழித்தல், தீராப் பசி, குடம்போல் சரிந்த வயிறு, ஓய்வில் இருக்கும்போதும் மூச்சிரைப்பு, உடலின் இருபுறமும் ஒன்றுபோல் முடி உதிர்தல், மாடிப்படி ஏற முடியாத தளர்ச்சி, அடிக்கடி வரும் தோல் மற்றும் சிறுநீர்த் தொற்று ஆகியவை முக்கியமானவை.

இவற்றுள் பசிதான் வீட்டாரைப் பெரிதும் ஏமாற்றுகிறது. "நல்லாச் சாப்பிடுறான், வயிறும் நெறஞ்சிருக்கு, என்ன நோய் இருக்கப் போகுது?" என்று எண்ணிவிடுகிறோம். அந்த வயிறு உணவால் நிறைந்ததன்று. கல்லீரல் பெருத்து, வயிற்றுத் தசைகள் வலுவிழந்ததால் தொங்குவது. சித்திரை, வைகாசி மாதங்களில் எல்லா நாய்களும்தான் இரைக்கின்றன, தண்ணீர் குடிக்கின்றன. மழை பெய்து குளிர்ந்த இரவிலும் அதே இரைப்பும் அதே தாகமும் தொடர்ந்தால் அதனை வெயிலின் கணக்கில் எழுத முடியாது.

முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள்

செலவே இல்லாத முதல் பரிசோதனை உங்கள் வீட்டில் இருக்கிறது. காலையில் ஓர் அளவுக் குவளையால் தண்ணீரை அளந்து கிண்ணத்தில் ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மிஞ்சியதை அளந்து கழியுங்கள். இடையில் ஊற்றியதைக் கூட்டிக்கொள்ளுங்கள். குளியலறை வாளி, செடித்தட்டு, மாடித் தொட்டி ஆகியவற்றை மூடிவையுங்கள். பால், மோர், கஞ்சி கொடுத்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தால் போதும்.

நலமான நாய் பொதுவாக ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி லிட்டர் அளவில் குடிக்கும். 100 மில்லி லிட்டரைத் தாண்டினால் அது மிகை. மணியின் வீட்டில் மூன்று நாள் அளந்து வந்த கணக்கு, நாளுக்கு 1,600 மில்லி லிட்டர்; அதாவது கிலோவுக்கு 145-க்கும் மேல். இதை முதுமை என்று சொல்லிவிட முடியாது.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். இரவில் சிறுநீர் கழிக்கிறது என்பதற்காகத் தண்ணீரை எடுத்துவிடாதீர்கள். குடிப்பதால் சிறுநீர் மிகுவதில்லை. சிறுநீர் மிகுதியாக வெளியேறுவதால்தான் அது குடிக்கிறது. தண்ணீரை மறுத்தாலும் சிறுநீர் நிற்பதில்லை, உடல்தான் வற்றும்.

பரிசோதனைகள்: எது, எதற்காக?

மிகுதாகம் நீரிழிவிலும் உண்டு. சிறுநீரக நோயிலும் உண்டு. கருத்தடை அறுவை செய்யப்படாத பெண்நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டினாலும் உண்டு. ஆகவே முதலில் இரத்தம், சிறுநீர் ஆகியவற்றின் பொதுப் பரிசோதனை. குஷிங் நோயில் கல்லீரல் நொதிகளுள் ஒன்றான அல்கலைன் பாஸ்ஃபடேஸ் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். ஆனால் அது உயர வேறு காரணங்களும் பல உள்ளன.

அடுத்தவை ஹார்மோன் பரிசோதனைகள். வீட்டிலேயே பிடித்து வரும் காலைச் சிறுநீரில் கார்ட்டிசோலின் விகிதத்தைப் பார்ப்பது எளியது. அது இயல்பாக இருந்தால் குஷிங் நோய் இல்லை என்று ஏறத்தாழ உறுதி கொள்ளலாம். உயர்ந்திருந்தால் மட்டும் நோய் என்று முடிவு செய்ய இயலாது. மருத்துவமனைக்கு வந்த அச்சத்தாலேயே கார்ட்டிசோல் உயரும். எனவேதான் இதற்கான சிறுநீரை வீட்டில், நாய் அமைதியாக இருக்கும் நாளில் பிடிக்கச் சொல்கிறோம். டெக்ஸாமெத்தசோன் ஊசியைச் சிறிய அளவில் போட்டு, 4 மணி, 8 மணி நேர இடைவெளிகளில் இரத்தம் எடுத்துப் பார்ப்பது மற்றொரு முறை. அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஊசி போட்டு, முன்னும் பின்னும் அளப்பது இன்னொன்று. வயிற்று அல்ட்ராசவுண்டு, நோய் எந்தச் சுரப்பியிலிருந்து தொடங்குகிறது என்பதை அறியத் துணை செய்யும்.

இவற்றுள் எதுவும் முழுமையானதன்று. வேறு நோயால் வாடும் நாய்க்கு இப்பரிசோதனைகள் செய்தால், இல்லாத குஷிங்கை இருப்பதாகக் காட்டிவிடும். அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ வல்லுநர் கல்லூரி 2013-இல் வெளியிட்ட கருத்தொருமை அறிக்கையும், அறிகுறிகள் இருக்கும் நாய்க்கே இப்பரிசோதனைகளைச் செய்ய வேண்டும் என்கிறது. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மருந்து தொடங்குவதில்லை என்பதே எங்கள் நடைமுறையும்.

மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது?

இன்று பெரிதும் பயன்படுவது டிரைலோஸ்டேன் என்னும் மருந்து. அமெரிக்காவில் நாய்களுக்கென இது 2008-இல் ஒப்புதல் பெற்றது. அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோலை உருவாக்கும் வேதிப்பாதையில் ஒரு படியை இது தடுக்கிறது. உணவோடு, நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ கொடுக்க வேண்டும். தாகமும் பசியும் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். முடி வளரவும் தோல் தேறவும் மாதங்கள் ஆகும்.

இம்மருந்து கட்டியைக் கரைப்பதில்லை. நோயை வேரோடு நீக்குவதில்லை. வாழ்நாள் முழுதும் கொடுக்க வேண்டியது. அட்ரினல் கட்டிக்கு அறுவை சிகிச்சை ஒரு வழியாக இருக்கலாம்; முதிய உடலுக்கு அதில் உள்ள ஆபத்தும் பெரிது. சில நாய்களில் பிட்யூட்டரி கட்டி பெருத்து மூளையை அழுத்தும். மந்தம், உணவு மறுத்தல், சுற்றிச் சுற்றி நடத்தல், வலிப்பு ஆகியவை தோன்றலாம். அதற்கு டிரைலோஸ்டேன் தீர்வாகாது.

மருந்தின் அளவு மிகுந்தால் கார்ட்டிசோல் தேவைக்குக் கீழே இறங்கிவிடும். அதனால்தான் தொடங்கிய 10 முதல் 14 நாளில் ஒருமுறை, பிறகு நான்காம் வாரத்தில், அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதத்திற்கு ஒருமுறை மறுபரிசோதனை தேவைப்படுகிறது. மருந்தின் விலையை மட்டும் கணக்கிட்டு முடிவு செய்பவர்கள் பின்னர் திணறுவது இந்த மறுபரிசோதனைச் செலவில்தான். முதல் நாளிலேயே முழுக் கணக்கையும் எங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

'மருந்து கொடுத்தால் எத்தனை நாள் கூடும்?' என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது இது. சிகிச்சை பெற்ற நாய்கள், நோய் கண்டறிந்த பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்வதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. முதிய வயதில் வரும் நோய் ஆகையால், அவற்றுள் பல பின்னர் வேறு காரணங்களால் இறக்கின்றன. ஆண்டுகளைக் கூட்டுவதைவிட, இருக்கும் நாள்களின் தன்மையை மாற்றுவதே இச்சிகிச்சையின் முதல் நோக்கம். தாகத்தால் தவிக்காமல் உறங்கும் இரவு, தானே எழுந்து வாசல்வரை நடக்கும் காலை, இவற்றுக்காகவே மருந்து.

மணிக்குக் கிடைத்த ஓய்வு

மணியின் பரிசோதனை முடிவுகள் பிட்யூட்டரி வகையைக் காட்டின. சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தைத் தாங்கும் நிலையில் இருந்தன. ஆசிரியரிடம் நாங்கள் ஒரு கால எல்லையை முன்வைத்தோம். "மூன்று மாதம் முயல்வோம். மணிக்கும் அம்மாவுக்கும் இரவு உறக்கம் வரவில்லை என்றால், நீங்கள் கேட்க வந்ததைப் பற்றி அப்போது பேசுவோம்." அவர் ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் வாரத்தில் மணி குடித்த தண்ணீர் பாதியாகக் குறைந்தது. ஐந்தாம் வாரத்தில், கையில் மாவுக்கட்டுடன் வந்த அம்மையார், "இப்பல்லாம் ராத்திரி ரெண்டு பேரும் தூங்குறோம்" என்றார்.

ஆனால் அதே வாரத்தில் புதிய கவலை ஒன்றும் வந்தது. மணி நொண்டியது. கார்ட்டிசோல் வீக்கத்தையும் வலியையும் அடக்கும் தன்மை உடையது. உடலில் அது மிகுந்திருந்த காலத்தில் மூட்டுவலி மறைந்திருந்தது, குறைந்ததும் வெளிப்பட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் அஞ்சினர். அப்படியன்று என்பதை விளக்கி, மூட்டுக்குத் தனியே மருந்தளித்தோம். வழுக்கும் தரையில் கோணிச்சாக்கு விரிக்கச் சொன்னோம். இத்தகைய நிலையில் நமக்கு வாங்கிய வலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் போன்றவை நாய்களுக்குப் பெருந்தீங்கு செய்யக்கூடியவை.

நான்காம் மாதத்தில் ஒருநாள் மணி வாந்தி எடுத்துச் சோர்ந்தது. முன்பே சொல்லி வைத்திருந்தபடி ஆசிரியர் அன்றைய மருந்தை நிறுத்திவிட்டு உடனே அழைத்து வந்தார். பரிசோதித்து, அளவைக் குறைத்தோம். அதன்பின் மணி 19 மாதங்கள் வாழ்ந்தது. இறுதியில் வேறொரு நோயால், தன் வீட்டுக் கூடத்தில், தன் பாயில் இறந்தது.

செல்லியின் வீடு

செல்லி ஒரு நாட்டு நாய். தெருவில் குட்டியாகக் கிடந்ததை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் குடும்பம் எடுத்து வளர்த்தது. வயது 14. காதுப் புண்ணுக்காக வந்தபோது, இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதி உயர்ந்திருந்தது. வயிறு சற்றே சரிந்திருந்தது. வாலில் முடி மெலிந்திருந்தது. குஷிங் நோய்க்கான வாய்ப்பு மிகுதி என்று நாங்கள் கருதினோம். ஆனால் தண்ணீரை அளந்தபோது கிலோவுக்கு 80 மில்லி லிட்டர்தான். செல்லி நன்றாக உறங்கியது. மாலையில் ஆட்டோ ஒலி கேட்டதும் முனைவரை நடந்து சென்றது. அதோடு அதன் சிறுநீரகங்கள் ஏற்கெனவே தளர்ந்திருந்தன. சிறுநீரகச் செயலிழப்பு உள்ள நாய்க்கு டிரைலோஸ்டேன் உகந்ததன்று.

அவ்வீட்டு மகள் கல்லூரி மாணவி. "பணம் இல்லைன்னுதானே வேண்டாம்னு சொல்றீங்க? நான் கடன் வாங்குறேன், டாக்டர்" என்று அழுதாள். அவளிடம் நாங்கள் கூறியதை இங்கே அப்படியே தருகிறோம். "இல்லையம்மா. பணம் இருந்தாலும் செல்லிக்கு இதையேதான் சொல்லியிருப்போம். அதற்கு இப்போது பெரிய தொல்லை ஏதும் இல்லை. இல்லாத தொல்லைக்கு மருந்து கொடுத்து, இருக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்க வேண்டாம்."

மருந்து தரவில்லை என்பதால் செல்லியைக் கைவிட்டோம் என்று பொருளன்று. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை எடை, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதமும் தொற்றும் பார்த்தோம். தொற்று வந்தபோது அதற்கு மருந்தளித்தோம். உணவை மாற்றினோம். பத்து மாதங்களுக்குப் பின் சிறுநீரகம் முற்றிலும் தளர்ந்து, செல்லி உண்ணவும் எழவும் இயலாமற்போனது. அப்போது, குடும்பத்தார் அனைவரும் சூழ்ந்திருக்க, வலியின்றி அதனை உறங்கச் செய்தோம். மகள் பின்னர் ஒருநாள் வந்து, "அன்னைக்கு மருந்து ஆரம்பிச்சிருந்தா?" என்று கேட்டாள். இன்னும் பல முறை அவள் மனம் அதைக் கேட்கும். கிடைத்த செய்திகளை வைத்து அன்று எடுத்த முடிவு சரியே என்று எத்தனை முறையும் அவளிடம் சொல்ல நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

முடிவெடுக்கும் முன்

குஷிங் நோய் பெரும்பாலும் அவசர நோயன்று. கண்டறிந்த அன்றே முடிவெடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குச் சென்று, குடும்பத்தாரோடு அமர்ந்து, கீழ்க்கண்டவற்றைப் பேசுங்கள்.

முதலாவது: நோய் நாயைத் துன்புறுத்துகிறதா, அல்லது நம் கண்ணை மட்டும் உறுத்துகிறதா? உதிர்ந்த முடி நாய்க்குத் துயரமன்று. தீராத் தாகம், மூச்சிரைப்பு, எழ முடியாமை, ஆறாப் புண் ஆகியவை துயரங்களே.

இரண்டாவது: மருந்தைத் தடுக்கும் வேறு நோய் உள்ளதா? சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றின் நிலையை எங்களிடம் தெளிவாகக் கேளுங்கள்.

மூன்றாவது: தினமும் மருந்து கொடுப்பவர் யார்? மறுபரிசோதனைக்கு அழைத்து வருபவர் யார்? ஒருவர்மீதே முழுச் சுமையும் விழுமானால், அதனை இப்போதே வெளிப்படையாகப் பேசுவது நல்லது. கருவுற்ற பெண்களும் கருவுற எண்ணுபவர்களும் டிரைலோஸ்டேனைக் கையாளக் கூடாது. மற்றவர்களும் மருந்துறையைப் பிரிக்காமல் கொடுத்து, உடனே கைகழுவ வேண்டும்.

நான்காவது: செலவு. பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் முதியோரின் மருந்தையும் நிறுத்தி நாய்க்குச் செலவிடுமாறு நாங்கள் ஒருநாளும் கூறமாட்டோம். வசதிக்கு ஏற்ற பராமரிப்பும் பராமரிப்புதான். அதனை உங்களோடு சேர்ந்து வகுப்பது எங்கள் கடமை.

ஐந்தாவது: எப்போது நிறுத்துவது? அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் ஒன்று இதற்கு உதவும். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் தலா 10 மதிப்பெண். நிலைமை நன்றாக இருந்தால் மதிப்பெண் கூடும். மொத்தம் 70-இல் 35-க்கு மேல் இருந்தால் வாழ்வு ஏற்கத்தக்க நிலையில் உள்ளது எனக் கொள்ளலாம். வாரம் ஒருமுறை, வீட்டில் இருவர் தனித்தனியே மதிப்பெண் இட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நாள்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளி, கெட்ட நாளுக்கு ஒரு கோடு இட்டு வந்தாலும் போதும். துயரம் மிகுந்த நாளில் நம் நினைவு நம்மை ஏமாற்றும். எழுதி வைத்தது ஏமாற்றாது.

உடனே அழைத்து வர வேண்டிய நிலைகள்

டிரைலோஸ்டேன் பெறும் நாய் உணவை மறுத்தால், வாந்தி எடுத்தால், கழிந்தால், நடுங்கினால், தளர்ந்து விழுந்தால், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். காலை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மருந்து பெறாத குஷிங் நோயுள்ள நாய் திடீரென உண்ண மறுத்தாலும் அது எச்சரிக்கையே. பசி மிகுவதுதான் இந்நோயின் இயல்பு என்பதால், பசி போனால் வேறேதோ நேர்ந்திருக்கிறது என்று பொருள். திடீர் மூச்சுத்திணறல், வலிப்பு, கண் தெரியாமற்போதல் ஆகியவற்றுக்கும் நேரம் பாராமல் வாருங்கள்.

இறுதியாக ஒரு சொல். மணிக்கு மருந்தளித்தது அன்பு. செல்லிக்கு மருந்தளிக்காததும் அன்பு. இரு வீடுகளும் முதலில் உற்றுப் பார்த்தன, அளந்தன, கேட்டன, பிறகே முடிவெடுத்தன. உங்கள் வீட்டு முதிய நாய் இன்றிரவு வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பதாக உங்களுக்குத் தோன்றினால், கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள். நாளைக் காலை ஓர் அளவுக் குவளையை எடுங்கள். மூன்று நாள் கணக்கோடு எங்களிடம் வாருங்கள். மற்றவற்றைச் சேர்ந்து பேசுவோம்.